சிவப்பு நூல் கட்டிய போத்தல்கள்

"எத்தின இஞ்சு?" என்று கேட்டார் என் கணவர்.

பம்ப் ஒன்று வாங்க வேண்டும் என்று நான் சொன்னதும் வந்த முதல் கேள்வி அதுதான். குறிஞ்சிப்பிட்டி மணலில் வெங்காயமும் பீட்ரூட்டும் போடுகிற மனிதருக்குப் பம்ப் என்றால் கிணற்றடியில் நின்று படபடவென்று புகை கக்குகிற சாமான். இரண்டு இஞ்சா மூன்று இஞ்சா, மண்ணெண்ணெயா டீசலா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். "ஒங்கட தோட்டத்துக்கு இல்ல, எனக்கு. பால் எடுக்க," என்றேன். விளங்கியதும் காது வரைக்கும் சிவந்துபோனார். "அதெல்லாம் பொம்பளையள் பாத்து எடுங்களேன்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

பிரசவ லீவு முடிகிற நேரம் அது. புத்தளம் டவுனில் ஒரு பேங்க் கவுண்டரில் எனக்கு வேலை. ஐந்து மாதப் பிள்ளையை விட்டுவிட்டுக் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. எங்கள் பக்கத்தில் இப்படி ஒருத்தி போனால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். அவர்கள் வாயை அடைக்க நான் ஒரு சபதம் போட்டிருந்தேன். பால்மா என்று ஒரு கரண்டிகூட என் மகன் வாயில் படாது, தாய்ப்பால்தான் குடிப்பான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற குற்றம் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. அந்தக் குற்றத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் இந்தப் பம்ப்.

கடைக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். மதினி என் அண்ணனின் மனைவி. நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு எங்கள் ஊர் முகாமில் வளர்ந்தவர். சண்டை முடிந்ததும் அவருடைய உம்மாவும் வாப்பாவும் மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். தாய்வீடு தூரமானதால் அவரும் என் அண்ணனும் எங்கள் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளில் இருந்தார்கள். குசினி ஒன்று, ஃப்ரிட்ஜ் ஒன்று. அவருக்கும் கைக்குழந்தை, பெண் பிள்ளை, என் மகனைவிட ஒரு மாதம் இளையவள்.

பாமசியில் ஓர் ஆண்பிள்ளை நின்றதைப் பார்த்து எனக்குத் தமிழே மறந்துபோனது. "பால் கறக்கிற மெசின் ஈக்கா?" என்று கேட்டுவிட்டேன். "மாட்டுக்கா?" என்றான் அவன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். உள்ளேயிருந்து சிங்கள அக்கா ஒருத்தி வந்து, "வாங்க நங்கி," என்று தங்கச்சி முறை வைத்து ஓரமாகக் கூப்பிட்டு மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று சைக்கிள் ஹோர்ன் மாதிரி ரப்பர் உருண்டை வைத்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொன்று கையால் அமத்தி அமத்தி எடுப்பது. மூன்றாவது கரண்டில் ஓடுவது.

"கைப் பம்ப எடுங்க மதினி," என்றார் மதினி. "கரண்டு போனாலும் அது வேல செய்யும்."

"நீங்க ஊட்டுல ஈக்கிற ஆள். ஒங்களுக்கு மிச்சம் நேரம் ஈக்கி. நான் பேங்குல கவுண்டர மூடிட்டுப் போய் அமத்திக்கிட்டு நிக்க ஏலுமா?"

அந்தச் சொல் எவ்வளவு சுட்டிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மதினி கரண்ட் பம்பின் பெட்டியைத் தன் கையில் வாங்கிச் சுமந்துகொண்டு வந்தார்.

பம்ப் நன்றாகத்தான் வேலை செய்தது. பேங்கில் பழைய பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காருவேன். அது க்ர்க் க்ர்க் என்று சத்தம் போடும். வெளியே செக்யூரிட்டி ஐயா எலி புகுந்துவிட்டதென்று தடியோடு வந்து நின்ற கதையும் உண்டு. எடுத்த பாலைச் சின்னப் போத்தல்களில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து ஃப்ரீசரில் அடுக்குவேன். நாளைக்கு மகனுக்கு இருக்கிறது, மறுநாளுக்கும் இருக்கிறது என்று கதவைத் திறந்து திறந்து பார்ப்பேன். நகைப்பெட்டியைத் திறந்துபார்க்கிற ஆசை அது. அந்த நேரத்தில்தான் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

என் உம்மாவுக்கு இந்தப் போத்தல்கள் பிடிக்கவில்லை. அவருடைய பயம் வேறு. எங்கள் மார்க்கத்தில் ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்கும் பிள்ளைதான். அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு, கலியாணம் முடிக்க ஏலாது. மார்பில் குடித்தாலும் சரி, போத்தலில் குடித்தாலும் சரி. உம்மாவோ என் மகன் பிறந்து, அடுத்த மாதமே தன் மகனுக்கும் ஒரு பெண் பிறந்ததும், "எனக்கு மாப்புளையும் பொண்ணும் ஊட்டுக்குள்ளேயே வந்திட்டாங்க," என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவர். வீடும் வளவும் வெளியே போகாது, மருமகள் எவளோ ஒருத்தியாக இருக்கமாட்டாள், இப்படி ஆயிரம் கணக்கு அந்த ஆசைக்குள். இப்போது என் பால் பொது ஃப்ரிட்ஜில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆராவது தவறிப்போய் அந்தப் பெண் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால்?

"மச்சானும் மச்சியுமா வளர வேண்டியதுகள். நானா தங்கச்சியா ஆக்கிப் போடாதீங்க," என்றார். எங்கள் வாயில் அண்ணனுக்கு நானா என்று பெயர். சொன்னதோடு நிற்காமல் சிவப்புக் கம்பளி நூல் எடுத்து என் போத்தல் ஒவ்வொன்றின் கழுத்திலும் முடிச்சுப் போட்டு வைத்தார். மதினியிடம் அந்த நூலைக் காட்டிச் சட்டம் படித்தார். மதினி, "சரி மாமி, நான் அந்தப் பக்கமே போகல்ல," என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்த கொஞ்ச நாளில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். புத்தளம் ஆஸ்பத்திரியில் வார்ட்டில் போட்டார்கள், பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். என் அண்ணன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடினார். அந்தப் பிள்ளை தாயின் மார்பைத் தவிர வேறொன்றையும் அறியாதது. பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் துப்பியது. துப்பாமல் விழுங்கியதையும் கொஞ்ச நேரத்தில் கக்கியது. நான் பேங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அதன் குரல் கேட்டது. அழுது அழுது அடைத்துப்போன குரல்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து மதினி போன் எடுத்தார்.

"மதினி, புள்ள குடிக்கிறாளா?"

"கொஞ்சம் கொஞ்சம் குடிக்கிறாள்," என்று இழுத்தேன்.

"எனக்கு அழுற சத்தம் கேக்குது மதினி. ஒங்கட பாலக் குடுங்களேன். ஃப்ரிட்ஜுல ஈக்கிதானே. சம்பந்தம் போனாப் போகட்டும், அல்லாஹ்வுக்காக எண்ட புள்ளக்கிக் குடுங்க."

"ஓம் மதினி. குடுக்கிறன். நீங்க ஒண்டும் யோசிக்காமப் படுங்க."

ஓம் என்று சொன்னேன். அந்த ஓமை மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்தவுடனே ஒரு போத்தலை எடுத்துச் சுடுதண்ணீர்க் கோப்பையில் வைத்தேன். உம்மா வந்தார். கோப்பையிலிருந்து போத்தலைத் தூக்கினார், சேலையில் துடைத்தார், திரும்ப ஃப்ரீசருக்குள் வைத்து மூடினார்.

"ஒனக்கென்ன விசரா? புள்ளைக்கி பசிச்சா பால்மாவைத் தன்னால குடிக்கும். ரெண்டு நாள்ல பழகிரும். இது ஆயுசுக்கும் மாறாது."

எதற்கெடுத்தாலும் உம்மாவோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். கலியாணச் சேலைக்கு நின்றேன், பேங்க் வேலைக்கு நின்றேன், இந்தப் பம்புக்கே நின்றேன். அன்றைக்கு நிற்கவில்லை. ஒன்றிரண்டு தடவை குடித்தால் உறவு ஆகாது, வயிறு நிறைய ஐந்து தடவையாவது குடிக்க வேண்டும் என்று மௌலவிமார் சொல்வது எனக்குத் தெரியும். இரண்டு போத்தலாவது கொடுத்திருக்கலாம். அதையும் நான் உம்மாவிடம் எடுத்துச் சொல்லவில்லை. ஏன்? ஃப்ரீசரை மூடும்போது உள்ளே நான் பார்த்தது நாளைக்கு என் மகன் குடிக்கவேண்டிய பாலை. அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்கினால் என் பிள்ளைக்குக் குறையும், குறைந்தால் பால்மா, பால்மா என்றால் என் சபதம் போச்சு, ஊர் சிரிக்கும். உம்மாவின் சம்பந்தக் கதை எனக்கு வசதியான ஒரு மறைப்பாக இருந்தது. உம்மாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு அறைக்குள் போய் என் மகனை மார்பில் போட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பசியில் கத்துகிறது, இந்தப் பக்கம் என் பிள்ளை வயிறு நிறைந்து பால் வழியத் தூங்குகிறது. நானும் ஒரு தாயா என்று என்னையே கேட்டேன். கேட்டுவிட்டுப் படுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் நின்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். பக்கத்தில் இருக்கிறோம் என்பதற்காக எங்களுக்கு மட்டும் கரண்ட் போகாமல் இருக்கவா போகிறது. பகல் வந்தது, பின்னேர அஸர் தொழுகை நேரமும் வந்தது, கரண்ட் வரவில்லை. ஃப்ரீசரைத் திறந்தால் தண்ணீர் சொட்டியது. என் போத்தல்கள் எல்லாம் இளகி, மஞ்சள் ஆடை மேலே மிதந்தது. இளகிய பாலைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது. நான் வீட்டில் இருப்பதால் என் மகனுக்கும் அது தேவையில்லை. அன்றைக்குள் ஆராவது குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்ற வேண்டும்.

குடிக்க ஆள் இருந்தாள். அடுத்த அறையில் உம்மாவின் மடியில் சீனித்தண்ணீரை நக்கிக்கொண்டு கிடந்தாள். வயிற்றோட்டமும் தொடங்கியிருந்தது, கழுத்து மெலிந்து தலைமட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்போது என் மகனுக்குக் குறையும் என்ற சாட்டுக்கூட எனக்கு இல்லை. ஆனால் இன்றைக்குக் கொடுத்தால், முந்தாநாள் ஏன் கொடுக்கவில்லை, நேற்று ஏன் கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். உம்மா கேட்கமாட்டார். எனக்குள்ளே இருக்கிறவள் கேட்பாள்.

போத்தல்களை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். தாய்ப்பாலைக் கால் மிதிபடுகிற இடத்தில் ஊற்றக்கூடாது என்பார்கள். அந்த மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. ஆரும் மிதிக்காத முருங்கைமரத்தடியாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். மணல் உடனே குடித்துவிட்டது. நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். என் உழைப்பு போகிறதே என்றுதான் அழுகிறேன் என்று உம்மா நினைத்து, "பரவாயில்ல புள்ள, இன்னும் ஊறும்," என்று தேற்றினார்.

போத்தல்களை நன்றாக அவித்துக் கழுவி, குசினி மேசையில் ஒரு துணி விரித்துத் தலைகீழாகக் காய வைத்தேன். மறுநாள் என் அண்ணன் மதினியை வீட்டுக்குக் கூட்டிவந்தார். கால் தள்ளாட வந்தவர் பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து அழுதார். பிறகு தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனார். மேசையில் காலிப் போத்தல்கள், கழுத்தில் சிவப்பு நூல்களோடு, வரிசையாக. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"எல்லாத்தையும் குடுத்தீங்களா மதினி? ஒங்கட மகனுக்கு வைக்காமலே? இந்தப் பாலும் இல்லாட்டி எண்ட புள்ள என்ன ஆகியிருப்பாள். அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யணும்."

அந்த நேரம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உம்மா தொழுகைப் பாயில் இருந்தார், மதினி சொன்னது அவர் காதில் விழவில்லை. மதினியின் கைச்சூட்டில் இன்னும் காய்ச்சல் இருந்தது. என் கையை நான் இழுக்கவில்லை.

அன்றிலிருந்து என் மகன் அவருக்கு மகன். நான் பேங்குக்குப் போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, பிறகு நேர்சரிக்கும் கூட்டிப்போய் வளர்த்தது மதினிதான். மீன் பொரித்தால் நடுத்துண்டு அவனுக்கு. பெருநாளுக்கு முதல் உடுப்பு அவனுக்கு. நான் எதையாவது தடுத்தால், "நீங்க எண்ட மகளுக்குச் செஞ்சதுக்கு இதெல்லாம் ஒரு காரியமா?" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். எரிச்சல்கூட வரும். இவ்வளவு நல்லவராக இருக்க இவரை ஆர் கேட்டது என்று அவர்மேலேயே கோபப்பட்ட நாட்களும் உண்டு. குற்றம் செய்தவளுக்குக் கோபம் வருவதைப் போல அசிங்கம் வேறில்லை.

மதினியின் மகள் பேசத் தொடங்கியதிலிருந்து என் மகனை நானா என்றுதான் கூப்பிட்டாள். "மச்சான்னு கூப்புடு புள்ள," என்று உம்மா அதட்டுவார். சின்னப்பிள்ளை வாயில் வருவதுதானே என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். பெயர் எங்கிருந்து வந்ததென்று எனக்குத்தான் தெரியும். பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்துக்குத் தலையை மூடிக்கொண்டு போகிற வயது வந்தது. வெளியாட்கள் வந்தால் மூடிக்கொள்வாள், மச்சான்மார் முறையுள்ளவர்கள் வந்தாலும் மூடிக்கொள்வாள். என் மகன் முன்னால் மட்டும் அவிழ்த்த தலையோடு ஓடித்திரிவாள், அவன் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுப்பான். உடன்பிறந்தவன் முன்னால் மூடத் தேவையில்லை. உம்மா பார்த்து முகம் சுளிப்பார். நான் பார்க்காத மாதிரி வேறுபக்கம் திரும்புவேன்.

நெடுநாள் கழித்து மதினிக்கு இன்னொரு பிள்ளை கிடைத்தது. இப்போது அவரும் பக்கத்து நேர்சரியில் படிப்பிக்கப் போகிறார். போன மாதம் ஒரு பின்னேரம் உம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். மதினி கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய பெரிய மகள் நிலத்தில் புத்தகத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"மதினி, நானும் ஒரு பம்ப் எடுக்க ஓணும். எது நல்லம்? ஒங்களுக்குத்தான் தெரியும்."

"கைப் பம்ப எடுங்க," என்றேன். "கரண்டு போனாலும் வேல செய்யும். நீங்க அண்டைக்கே செல்லினீங்க, நான்தான் கேக்கல்ல."

மதினி சிரித்தார். "கரண்ட் பம்ப் எடுத்தபடியாத்தானே ஃப்ரிட்ஜ் நெறயப் பால் இருந்திச்சு. அதுதானே எண்ட மகளக் காப்பாத்தின. அவ ஒங்கட பால் குடிச்ச புள்ள."

இறாலை உரித்துக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது.

"ஆரு? ஆரு குடிச்ச?"

"மகள்தான் மாமி. நான் டெங்குல கெடந்த நேரம்."

"அடி அல்லாஹ்! இதுக்குத்தானா அவள் நானா நானாங்குற? ஒரு சொட்டும் குடிக்கல்ல புள்ள! நான் உடுவனா? இவ குடுக்கத்தான் பாத்தா, நான் பறிச்சு வச்சிட்டன். பொறகு கரண்ட் போய் எல்லாம் இளகி, இவதான் கொண்டுபோய் முருங்கைக்கு ஊத்தின. கேட்டுப் பாரேன்." உம்மாவின் முகமெல்லாம் பெருமை. "நான் அந்தச் சம்பந்தத்தக் காப்பாத்தி வச்சீக்கன். ஒண்டும் கெட்டுப்போகல்ல. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

மதினி என்னைப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், ஏதாவது செய்திருப்பேன். நான் உம்மாவின் தட்டிலிருந்த இறால் தோல்களைப் பார்த்தேன். மதினியின் மடியில் கைக்குழந்தை மார்பைத் தேடிச் சிணுங்கியது. அவர் அதைத் தோளில் போட்டுத் தட்டினார்.

வெளியே கேற் திறக்கிற சத்தம். டியூஷன் முடிந்து என் மகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "மாமி, திங்க என்ன ஈக்கி?" என்று வழக்கம்போல மதினியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்.

மதினி, நிலத்தில் எழுதிக்கொண்டிருந்த மகளிடம், குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"மகள், தலைய மூடுங்க. மச்சான் வாறாரு."

அவள் பென்சிலைப் பிடித்தபடியே நிமிர்ந்து, வாசலைப் பார்த்தாள். வேறு ஆரோ வருகிறார்கள் என்று நினைத்து என் மகனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எந்த மச்சான் உம்மா?" என்று கேட்டாள்.